சுண்ணாம்புக் கோட்டில் ஒரு கட்டில்

ஆபீஸுக்குப் பின்னால் இருக்கிற காலி மனையில் சுண்ணாம்புக் கோடு கிடப்பதைப் பார்த்து, புதிதாகச் சேர்ந்த நீங்கள் சிரித்தீர்கள் என்று கேள்விப்பட்டேன். சிரித்ததில் தப்பில்லை. ஹெட்செட்டைத் தலையில் மாட்டி இன்னும் கட்டாத வீட்டுக்குள் ஆட்களை நடக்கவைக்கிற கம்பெனி, ஒவ்வொரு வேலையையும் வெளியே அனுப்புவதற்கு முன்னால் எதற்காக மேஸ்திரி மாதிரி மண்ணில் கோடு போடுகிறது? நியாயமான கேள்விதான். என்னிடமே கேட்டிருக்கலாம். ஓய்வு பெற்றேனே தவிர ஊரைவிட்டுப் போய்விடவில்லை. உத்திரமேரூர் பஸ் ஸ்டாண்டிலிருந்து ஒரு குரல் கொடுத்தால் கேட்கிற தூரத்தில்தான் வீடு.

இப்போது கூப்பிட்டு உட்காரவைத்து, "அக்கா, உங்க அனுபவத்தச் சொல்லுங்க" என்கிறீர்கள். அனுபவம் என்றால் எல்லாரும் ஜெயித்த கதையைத்தான் எதிர்பார்க்கிறார்கள். நான் சொல்லப்போவது அந்த மாதிரி இல்லை. அந்தச் சுண்ணாம்புக் கோட்டுக்குப் பின்னால் ஒரு கட்டில் இருக்கிறது. கட்டிலில் படுத்துக் கிடந்த ஒரு மனிதர் இருக்கிறார். அவரைத் தெரிந்துகொண்டு கோடு போடுங்கள். அதற்குமேல் உங்கள் இஷ்டம்.

நான் வேலைக்குச் சேர்ந்தபோது நம் கம்பெனி உரக்கடை மாடியில் ஒரே ஒரு அறை. யூரியா நெடி கீழேயிருந்து ஏறிக்கொண்டே இருக்கும். ரெண்டு கம்ப்யூட்டர், ஒரு பிரிண்டர், நாங்கள் மூன்று பேர். கையால் பிளான் போட்ட காலம் முடிந்து கம்ப்யூட்டரில் வரைவது புதுசாக இருந்த சமயம். பழையசீவரம், ஐயங்கார்குளம் வரைக்கும் வீடு கட்டுகிறவர்கள் "கம்ப்யூட்டர் பிளான் குடுங்க" என்று மாடியேறி வருவார்கள். நேர்கோடு நேராக விழுந்தாலே போதும், வாயைப் பிளந்து பார்த்தார்கள். நாங்களும் எங்களைப் பெரிய ஆளாக நினைத்துக்கொண்டோம்.

நினைக்கவிடாமல் ஒருத்தர் இருந்தார். நம் முதலாளி. இப்போது ஆபீஸ் பக்கம் வருவதில்லை, உங்களில் யாரும் அவரைப் பார்த்திருக்கமாட்டீர்கள். பெயர் சொல்லிப் புகழ்ந்தால் அவருக்குப் பிடிக்காது, அதனால் சொல்லாமல் விடுகிறேன். எத்தனை அழகாக வரைந்து கொண்டுபோய்க் கொடுத்தாலும் நன்றாக இருக்கிறது என்று ஒரு வார்த்தை வராது. "நடந்து பாத்தியா?" என்றுதான் கேட்பார். வீடு கட்டும் இடத்தில் மேஸ்திரி கடக்காலுக்கு, அதாவது அஸ்திவாரத்துக்கு, சுண்ணாம்புக் கோடு போடும்போது, வரைந்த ஆள் அங்கே போய், வாசல் கோட்டில் நுழைந்து, அறை அறையாக நடந்து, பின்வாசல் கோட்டில் வெளியே வரவேண்டும். கோட்டைத் தாண்டிக் குதிக்கக்கூடாது. சித்திரை வெயிலானாலும் இதுதான் சட்டம். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். ஆனால் வாயைத் திறக்கமுடியுமா?

ஒருமுறை பழையசீவரத்தில் ஒரு வீடு. எங்கள் மூன்று பேருக்கும் அந்த பிளான் மேல் கர்வமே உண்டு. கோடு போட்டு முடித்ததும் முதலாளி பக்கத்து வீட்டில் ஒரு குடம் தண்ணீர் வாங்கி என் இடுப்பில் வைத்தார். தெருவிலிருந்து சமையலறை வரைக்கும் நடக்கச் சொன்னார். நடந்தேன். உள் நடையில் திரும்புகிற இடத்தில் குடம் கோட்டுக்கு வெளியே போய்விட்டது. அதாவது சுவரில் மோதிவிட்டது. அவர் என் இடுப்பிலிருந்து குடத்தை இறக்கினார். கோட்டைக் காலால் அழித்து, அரையடி தள்ளிப் போடச் சொன்னார். "இப்ப கால் போதும். அப்பறம் கடப்பாரை வேணும்" என்றார். அவ்வளவுதான் பாடம்.

அவர் சொல்லாமல் விட்டதை நான் பின்னால் புரிந்துகொண்டேன். திரையில் எல்லா வீடும் ஒரே அளவுதான். மவுஸ் சக்கரத்தை உருட்டினால் குளியலறை கல்யாண மண்டபம் ஆகிவிடும். வரைகிறவர்களுக்குக் கண் மட்டும்தான் இருக்கிறது, இடுப்பும் தோளும் கிடையாது.

அப்புறம் காலம் மாறியது. பிளான் போய் முப்பரிமாணப் படம் வந்தது. அந்தப் படங்களை நினைத்தால் இன்றைக்கும் சிரிப்பு வரும். படத்தில் வைக்கிற மனிதர்கள், மரம், கார் எல்லாம் வெளிநாட்டிலிருந்து வந்த சரக்கு. ராஜகுளத்தில் கட்டப்போகிற வீட்டு வாசலில் கோட்டு போட்ட வெள்ளைக்காரர் ஒருத்தர் பெட்டியோடு நடந்துகொண்டிருப்பார். வீட்டுக்காரர் "யாருங்க இவரு, பேங்க் மேனேஜரா?" என்று பயந்துபோய்க் கேட்டதும் உண்டு. அதற்கும் பிறகு ஹெட்செட் வந்தது. உரக்கடை மாடியை விட்டு இந்தக் கட்டிடத்துக்கு வந்தோம். புரோகிராம் எழுதத் தெரிந்த பிள்ளைகள் சேர்ந்தார்கள்.

ஹெட்செட்டை நான் குறை சொல்லமாட்டேன், அதை முதலில் சொல்லிவிடுகிறேன். பிளானை விரித்து வைத்து ஆண்கள் பேசிக்கொண்டிருக்கும்போது காபி கொண்டுவந்து வைத்துவிட்டுப் போன பெண்கள், முதல்முறையாக "இந்த ஜன்னல் இங்க வேணாம்" என்று வாய் திறந்தது ஹெட்செட் வந்த பிறகுதான். அதற்காகவே அதைக் கும்பிடுவேன். ஆனால் அது வந்ததும் சுண்ணாம்புக் கோட்டில் நடக்கிற பழக்கம் நின்றுபோனது. யாரும் நிறுத்தச் சொல்லவில்லை. அதுதான் ஹெட்செட்டில் வீட்டுக்குள்ளேயே நடக்கிறோமே, அப்புறம் எதற்கு வெயிலில் போய் நடப்பது என்று எல்லாருக்கும் தோன்றிவிட்டது.

இப்போது கட்டிலுக்கு வருகிறேன்.

இங்கிருந்து கொஞ்ச தூரத்தில், ஏரிக்கரைக்குக் கீழே, தண்ணீர் நிரம்பினால் வழிந்து ஓடுகிற கலங்கலை ஒட்டி ஒரு சிறிய குடியிருப்பு இருந்தது. கூலி வேலைக்குப் போகிற குடும்பங்கள். ஏரி நிரம்பிவிட்டால் வருஷா வருஷம் வீட்டுக்குள் முட்டி அளவு தண்ணீர் நிற்கும். பள்ளிக்கூடத்தில் போய்ப் படுத்து, தண்ணீர் வடிந்த பிறகு வந்து சேறு வழிப்பார்கள். அவர்களுக்கு மேட்டு நிலத்தில் வரிசையாக வீடு கட்டிக்கொடுக்க வெளியூர் அறக்கட்டளை ஒன்று முன்வந்தது. எல்லாரும் ஒரே நாளில் பார்த்து, சம்மதம் சொல்லிக் கையெழுத்துப் போட்டால் உடனே வேலை ஆரம்பம், ஐப்பசி மழைக்கு முன்னால் குடிபோகலாம் என்பது ஏற்பாடு. வரைபடம் எங்களுடையது. ஜனங்களுக்கு ஹெட்செட்டில் காட்டுகிற பொறுப்பும் எங்களுடையது.

பங்குனி மாதம். ஊர்ப் பள்ளிக்கூடத்தில் வைத்துக் காட்டினோம். ஹெட்செட் போட்டவர் என்ன பார்க்கிறாரோ அது பெரிய டிவியிலும் தெரியும். போட்டுக்கொண்டவரின் கைகூட அதில் தெரியும். கண்ணுக்குத் தெரிகிற வாசற்படிக்கு முன்னால் வந்ததும் நிறைய பேர் நின்று, தடவித் தடவிக் காலில் இருந்த செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே கால் வைத்தார்கள். எங்கள் பிள்ளைகள் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. கட்டாத வீட்டுக்கு அவர்கள் கொடுத்த மரியாதை அது.

கன்னியம்மாவின் முறை வந்தது. நாற்பது வயசு இருக்கும். அவள் புருஷன் முருகேசன், கான்கிரீட் ஊற்றப் பலகை அடிக்கிற சென்டரிங் தச்சர். மேல்தளம் போட்டுக்கொண்டிருந்த கட்டிடத்திலிருந்து விழுந்து, இடுப்புக்குக் கீழே உணர்ச்சி போய்விட்டது. உட்காரவைத்தால் மயக்கம் வரும் என்பதால் சக்கர நாற்காலியும் ஒத்துவரவில்லை. கட்டில்தான் எல்லாம். தினமும் காலையில் கன்னியம்மாவும் முருகேசனின் தம்பி ஏழுமலையும் அவரைக் கட்டிலோடு தூக்கி வாசலில் போடுவார்கள். அங்கே ஒருக்களித்துப் படுத்தபடி சுற்றுவட்டாரத்துத் தச்சர்களின் ரம்பங்களுக்கு அரம் போட்டுக் கூர் தீட்டிக் கொடுப்பார். ரம்பப் பல் தெரிய நல்ல வெளிச்சம் வேண்டும். போகிற வருகிறவர்களை வம்புக்கு இழுக்கவும் வாசல் வேண்டும். அந்த வாசல்தான் அவர் உயிர் என்று ஊரே சொல்லும்.

கன்னியம்மா ஹெட்செட்டை மாட்டிக்கொண்டு சமையலறையைப் பார்க்கவில்லை, டைல்ஸைப் பார்க்கவில்லை. திரும்ப வாசலுக்கு வந்தாள். குனிந்தாள். ரெண்டு கையையும் அகல விரித்து, கட்டில் சட்டத்தைப் பிடிப்பதுபோல விரல்களை மடக்கினாள்.

"ஏழுமல, நீ தலமாடு புடி."

ஏழுமலை தலையில் ஒன்றும் மாட்டியிருக்கவில்லை. அவனும் வந்து எதிரே குனிந்து கையை விரித்தான். ரெண்டு பேரும் இல்லாத ஒரு கட்டிலைத் தூக்கிக்கொண்டு, பள்ளிக்கூட ஹாலில் அடி அடியாக நகர்ந்தார்கள். முதலில் யாரோ சிரித்தார்கள். அப்புறம் சத்தமே இல்லை. என்ன தூக்குகிறார்கள் என்று அங்கே எல்லாருக்கும் தெரியும்.

டிவியில் அவள் கைகள் வாசல் நிலையைத் தாண்டின. உள்ளே எதிர்ச்சுவருக்கு முன்னால் திரும்பின. எங்கேயும் இடிக்கவில்லை.

"போவுது! போவுது ஏழுமல!" என்று கத்தினாள். ஹெட்செட்டைக் கழற்றியபோது முகமெல்லாம் தண்ணீர். "எங்க கையெழுத்து போடணும்?"

கூட்டம் கைதட்டியது. நான் தட்டவில்லை. டிவியையே பார்த்துக்கொண்டு நின்றேன். அந்த வாசலை வரைந்தவள் நான். நிலைக்கட்டை போக எத்தனை இடம் மிஞ்சும் என்று எனக்குத் தெரியும். கட்டில் அகலத்துக்குக் கையை விரித்தவள் அதில் நுழைந்தால், விரல் முட்டி நிலையில் உரசவேண்டும். ஆனால் டிவியில் ரெண்டு பக்கமும் நாலு விரல் இடம் கிடந்தது. வாசலைத் தாண்டித் திரும்புகிற இடம் அதைவிட இறுக்கம். அங்கேயும் இடிக்காமல் திரும்பினாள்.

எங்கள் புரோகிராமர் பிரபு லேப்டாப்போடு ஓரமாக உட்கார்ந்திருந்தான். போய்க் கேட்டேன்.

"பிரபு, சைஸ்ல எதாவது கை வச்சியா?"

அவன் மறைக்கவில்லை. "ஆமாக்கா. ஹெட்செட்ல எல்லா ரூமும் நிஜத்தவிட சின்னதாத்தான் தெரியுது. ஆபீஸ்ல போட்டுப் பாத்த எல்லாரும் மூச்சு முட்டுதுன்னாங்க. நிஜத்துல இருக்கற மாதிரி தெரியட்டும்னு வூட்ட மட்டும் ஆறுல ஒரு பங்கு ஏத்திவுட்டேன்."

அவனைக் குற்றம் சொல்லாதீர்கள். ஹெட்செட்டில் இடம் சுருங்கித் தெரிவது நிஜம்தான், உங்களுக்கே தெரியும். கண்ணுக்குச் சரியாகத் தெரியவேண்டும் என்று நல்ல எண்ணத்தில்தான் செய்தான். கண்ணுக்குச் சரிதான். ஆனால் கன்னியம்மா கண்ணால் பார்க்கவில்லை, கையால் பார்த்தாள். கை அதே அளவு, வீடு மட்டும் பெரிசு. இந்தத் தப்பை நம்மை மாதிரி வேலை செய்கிறவர்கள் மட்டும்தான் செய்யமுடியும். ஒரு மேஸ்திரிக்கு இப்படித் தப்புச் செய்ய வழியே கிடையாது.

"அக்கா, இப்ப சொல்லாதீங்க" என்றான் பிரபு. முகம் வெளுத்துவிட்டது. "சொன்னா நம்ம பேரே போயிடும். கட்டும்போது வாசல அகலமா பண்ணிக்கலாம்."

எனக்கும் அது தோன்றாமல் இல்லை. ஆனால் கையெழுத்து ஆன பிறகு அளவு மாறாது. வரிசை வீடு, ஒன்றை ஒன்று ஒட்டிய சுவர். ஒன்றில் அரையடி கூட்டினால் எல்லாவற்றிலும் நகரும். சுவர் எழும்பிய பிறகு கடப்பாரை யார் தருவார்கள்? வெறும் கட்டிலாக இருந்தால் சாய்த்துக்கூட உள்ளே கொண்டுபோய்விடலாம். ஆள் படுத்திருக்கிற கட்டிலை எப்படிச் சாய்ப்பது?

இன்னொரு பக்கம் மழை. இன்றைக்குக் கையெழுத்து ஆகாவிட்டால் அறக்கட்டளை இந்தத் திட்டத்தை வேறு ஊருக்குக் கொண்டுபோகலாம் என்று அவர்களுடைய ஒருங்கிணைப்பாளர் காலையிலேயே சொல்லியிருந்தார். மிரட்டவில்லை, உள்ளதைச் சொன்னார். ஆக, நான் வாயைத் திறந்தால் அத்தனை குடும்பமும் இன்னொரு ஐப்பசியைத் தண்ணீரில் கழிக்கவேண்டி வரலாம். திறக்காவிட்டால் முருகேசன் ஒருத்தர் மட்டும் ஒரு அறைக்குள் அடைபடுவார். கணக்குப் போட்டால் வாயை மூடிக்கொள்வதுதான் சரி. எனக்கு அந்தக் கணக்குப் பிடிக்கவில்லை.

முதலாளி முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார். அவர் பக்கத்தில் போய்க் குனிந்தேன். எப்படி ஆரம்பிப்பது என்று தெரியவில்லை. வாயில் வந்தது அவருடைய வார்த்தைதான்.

"சார், இத நாம நடந்து பாக்கல."

அவர் திரும்பி என் முகத்தைப் பார்த்தார். "எவ்வளவு?"

"ஆறுல ஒரு பங்கு பெருசா காட்டிட்டோம்."

"உறுதியா?"

"உறுதி சார்."

அவர் எழுந்தார். பேனாவோடு குனிந்திருந்த கன்னியம்மாவுக்கும் மேஜைக்கும் நடுவில் போய் நின்றார். "அம்மா, கொஞ்சம் பொறுங்க" என்றார். அப்புறம் எல்லாரும் கேட்க, "நாங்க காட்டின வூடு நிஜத்தவிடப் பெருசு. தப்பு எங்க கம்பெனியோடது. நிஜ வூட்ட வெளிய தரையில போட்டுக் காட்றோம். பாத்துட்டு முடிவு பண்ணுங்க" என்றார். பிரபுவின் பெயரோ, என் பெயரோ வரவில்லை.

கூட்டம் கொதித்தது. எல்லப்பன் என்று ஒரு பெரியவர், "இன்னாய்யா வெளையாடறீங்களா? நேத்து சொல்றதுக்கு இன்னா? மழை வந்தா நீங்களா வந்து எங்க வூட்டுத் தண்ணிய எறைப்பீங்க?" என்று கேட்டார். நியாயமாகத்தான் கேட்டார். ஒருங்கிணைப்பாளர் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார். முதலாளி என்னிடம், "சுண்ணாம்பு வாங்கிட்டு வரச் சொல்லு" என்றார்.

பள்ளிக்கூட மைதானத்தில் கயிறு பிடித்துக் கோடு போட்டோம். பிரபுவும் வந்து கயிற்றைப் பிடித்தான். பிடிக்கச் சொல்லி யாரும் அவனைக் கூப்பிடவில்லை. பக்கத்திலேயே குடியிருப்பு என்பதால் கட்டிலை எடுத்துவர ஏழுமலை கிளம்பினான். கொஞ்ச நேரத்தில் நாலு பேர் கட்டிலைத் தோளில் தூக்கிக்கொண்டு வந்தார்கள். முருகேசன் அதிலேயே படுத்திருந்தார்.

"என்னியும் சேத்துத் தூக்குன்னு நான்தான் சொன்னேன்" என்றார் என்னைப் பார்த்து. "வெறுங்கட்டிலு எங்க வேணா போவும். நான் போவணும் இல்ல?"

கன்னியம்மா கால்மாட்டிலும் ஏழுமலை தலைமாட்டிலும் பிடித்தார்கள். வாசல் கோட்டுக்கு வந்தார்கள். கட்டில் சட்டம் ரெண்டு பக்கமும் கோட்டைத் தொட்டது. கன்னியம்மா நின்றாள். மூச்சைப் பிடித்துக்கொண்டு இன்னொரு முறை நேராக்கிப் பார்த்தாள். முடியவில்லை. "வாச போச்சின்னு வச்சிக்கோ, உள்ள பாப்போம்" என்று முருகேசனே சொன்னார். உள்ளே திரும்புகிற இடத்தில் கட்டில் கால் எதிர்ச்சுவர்க் கோட்டைத் தாண்டி அரையடி வெளியே நின்றது.

"இடிச்சிட்டியே கன்னியம்மா, செவுரு போச்சி பாரு" என்று முருகேசன் சிரித்தார். அண்ணாந்து பார்த்தார். "ரூமு நல்லாத்தான் கீது. வானமெல்லாம் தெரியுது."

யாரும் சிரிக்கவில்லை. அவரும் நிறுத்திவிட்டார். "எனக்காவ நிறுத்தாதீங்க. நான் உள்ளயே கெடந்துக்கறேன். ஜனங்க மேட்டுக்குப் போவட்டும்" என்றார்.

"நீ சும்மா இரு" என்றாள் கன்னியம்மா.

அதற்குள் மற்றவர்களும் கோட்டுக்குள் வந்துவிட்டார்கள். ஒருத்தி முந்தானையை விரித்துப் படுத்துப் பார்த்தாள். கோபப்பட்ட எல்லப்பன் மருமகனையும் பேரப் பிள்ளைகளையும் கூப்பிட்டு வரிசையாகப் படுக்கவைத்தார். ஒரு பிள்ளையின் கால் கோட்டைத் தாண்டிச் சமையலறைக்குள் நீட்டிக்கொண்டிருந்தது. அவர் ரொம்ப நேரம் அந்தக் காலையே பார்த்தார். பிறகு ஒருங்கிணைப்பாளரிடம் போய், "இத்த மாத்திக் குடுங்க. அப்பால கையெழுத்து போடறோம்" என்றார். கேட்பதற்குத் தைரியம் இல்லாமல் கிடைத்ததை வாங்கிக்கொள்ள வந்த ஜனங்கள், அன்றைக்குக் கேட்டார்கள். ஒருங்கிணைப்பாளரும் நல்ல மனுஷர். திட்டத்தை வேறு ஊருக்கு விடாமல் நிறுத்திவைக்கப் போராடுகிறேன் என்று சொல்லிவிட்டுப் போனார்.

இந்த இடத்தில் நிறுத்தினால் நல்ல கதை. பயிற்சி வகுப்பில் சொல்லலாம், நீங்களும் கைதட்டலாம். நான் நிறுத்தமாட்டேன்.

நாங்கள் மற்ற எல்லா வேலையையும் ஓரம்கட்டிவிட்டு ஒரு வாரத்தில் புது வரைபடம் கொடுத்தோம். வாசல் அகலமாகி, உள் நடை நேராகி, சுவர்கள் நகர்ந்தன. பிரபு ராத்திரி பகல் பார்க்காமல் உட்கார்ந்தான். ஆனால் அறக்கட்டளை பெரிய இடம். மாறின அளவுக்கு அவர்கள் ஒவ்வொருத்தரிடமாக ஒப்புதல் வாங்கவேண்டியிருந்தது. பேச்சிலேயே ஆனி முடிந்தது. ஒப்புதல் வந்தபோது ஆடி பிறந்துவிட்டது. ஆடியில் கடக்கால் போடமாட்டோம் என்று ஜனங்களே சொல்லிவிட்டார்கள். ஆவணியில்தான் மண் வெட்டினார்கள். ஐப்பசியில் ஏரி நிரம்பியபோது மேட்டில் சுவர் ஜன்னல் உயரத்துக்கு நின்றது.

தண்ணீர் வந்தது. கட்டிலோடு முருகேசனைத் தோளில் தூக்கி, அடை மழையில் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோனார்கள். ஈரத்தில் கிடந்தவருக்கு நெஞ்சில் சளி கட்டியது. ஆஸ்பத்திரிக்கும் கொண்டுபோனார்கள். கார்த்திகை பிறப்பதற்குள் போய்விட்டார்.

சாவுக்கு நானும் முதலாளியும் போயிருந்தோம். திரும்பி வரும்போது அவர் காரை ஏரிக்கரையில் நிறுத்திவிட்டு இறங்கி நின்றார். நான், "நாம அன்னிக்குச் சொல்லாம இருந்திருந்தா..." என்று ஆரம்பித்தேன். அவர் என்னைத் தேற்றவில்லை. "ஆமா" என்றார். பிறகு, "முன்னாடியே நடந்து பாத்திருந்தா, மாசியிலேயே தெரிஞ்சிருக்கும். பங்குனியில கையெழுத்தும் ஆயிருக்கும், வாசலும் சரியா இருந்திருக்கும்" என்றார். மறுநாள் காலையில் ஆபீஸுக்குப் பின்னால் இருந்த மனையில் முள்செடி வெட்ட ஆள் வந்தது. அந்த வாரத்திலிருந்து கோடு திரும்ப வந்தது. பிரபு இப்போது பெரிய இடத்தில் இருக்கிறான். அங்கேயும் கோடு போடுகிறானாம். சிரிக்கிறவர்களுக்குக் காரணம் சொல்வதில்லையாம்.

தை மாதம் புது வீட்டுக்குக் குடிபோனார்கள். கன்னியம்மா சொல்லி அனுப்பியிருந்தாள். போகவே தயக்கமாக இருந்தது, எந்த முகத்தோடு போவது? போனேன். பால் காய்ச்சி முடித்திருந்தார்கள். ஏழுமலை சாமான் ஏற்றி வரப் போயிருந்தான். தெருவில் அந்தக் கட்டில் நின்றுகொண்டிருந்தது.

"வாக்கா. ஒரு கை புடி" என்றாள்.

அவள் கால்மாடு, நான் தலைமாடு. தூக்கினோம். வாசலில் நுழைந்தோம். ரெண்டு பக்கமும் என் விரல் முட்டிக்கும் நிலைக்கும் நடுவில் இடம் இருந்தது. உள்ளே திரும்பினோம். எங்கேயும் இடிக்கவில்லை. அவள் நிற்கவில்லை. அப்படியே ஒரு சுற்றுத் திருப்பி, வந்த வழியே மறுபடி வெளியே கொண்டுவந்து, வாசலில் வெளிச்சம் விழுகிற இடத்தில் போட்டாள். ரெண்டு பேரும் அதில் உட்கார்ந்தோம். மூச்சு வாங்கியது.

"மழைக்கு முன்னாடி இங்க வந்திருந்தா அவரு இருந்திருப்பாரு இல்லக்கா?"

பொய் சொல்லலாமா என்று ஒரு நிமிஷம் பார்த்தேன். "இருந்திருப்பாருன்னுதான் நெனைக்கறேன் கன்னியம்மா" என்றேன்.

அவள் தலையை ஆட்டினாள். "இருந்திருப்பாரு. அந்தச் சின்ன வாசக்குள்ள மாட்டிக்கினு, வெளிச்சம் இல்லாம, காலைல எழுந்ததுலேந்து என்னியத் திட்டிக்கினு கெடந்திருப்பாரு." கட்டில் கயிற்றைத் தடவிக்கொண்டே இருந்தாள். "நீ செஞ்சது சரிதான்க்கா. எனக்குத் தெரியும். ஆனா செல நாளு, திட்டினாக்கூடப் பரவால்ல, ஆளு இருந்திருக்கலாம்னு தோணுது."

நான் அழுதேன். அவள் அழவில்லை. எழுந்து உள்ளே போய் எனக்கு இலை போட்டாள்.

வெளியே கோடு போட்டு வைத்திருக்கிறார்கள். போய் நடந்துவிட்டு வாருங்கள். கையை வீசிக்கொண்டு நடக்காதீர்கள், ரெண்டு ரெண்டு பேராகப் போங்கள். அந்தக் கட்டில் இப்போது நம் ஸ்டோர் ரூமில்தான் இருக்கிறது. கன்னியம்மா கொடுத்தது. தூக்கிக்கொண்டு போங்கள்.